ஏரிக்கரை கஸ்டமர்

அத்தியாயம் ஏழு

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. மருமகள் சொன்ன பொய் இந்த ஒரு மாதத்தில் நன்றாகவே கொழுத்துவிட்டது.

சொன்னது ஒன்றும் பெரிய பொய்யில்லை. அவள் புருஷன் ஏ.சி. மெக்கானிக். வெயில் ஏறிவிட்டால் ஊரே அவனைத் தேடும். தேடுகிறவர்களின் போனை எடுப்பவள் இவள். வீட்டு முன்னறைதான் ஆபீஸ்: இரண்டு போன், ஒரு மேஜை, தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் மின்விசிறி. ஊருக்கெல்லாம் குளிர் விற்கிற வீட்டில் ஏ.சி. கிடையாது. இருந்த ஒன்றையும் யாரோ ஒரு கஸ்டமரின் அவசரத்துக்குக் கழற்றிக் கொடுத்து மூன்று வருஷமாகிறது. "அடுத்த வாரம் நமக்கு ஒண்ணு மாட்டிடறேன்" என்று அவன் அன்று சொன்ன அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

ஒரு வேலை முடிந்ததும் அவன் கூப்பிட்டு "அடுத்தது எங்க?" என்பான். இவள் விலாசம் சொல்வாள். தண்ணி சொட்டுதாம், கேஸ் ஏத்தணுமாம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. புருஷன் பெண்டாட்டி பேச்சு இவ்வளவுதான் என்று ஆகிப்போயிருந்தது. அவளுக்குக் 'கண்ட்ரோல் ரூம்' என்று பேர் வைத்ததுதான் அந்த வருஷம் அவன் அவளிடம் சொன்ன ஒரே வேடிக்கை.

அப்படி ஒரு புதன்கிழமைதான் அவள் வாயில் அது வந்தது. "ஏரிக்கரையில புது கஸ்டமர். மூணாவது விளக்குக் கம்பத்துக்கு எதிர்த்தாப்புல. யூனிட் சத்தம் போடுதாம்."

ஏணியும் பையுமாகப் போனவன், கம்பத்துக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சும், பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு தன் பெண்டாட்டியும் இருப்பதைப் பார்த்தான். ஒரு கப் டீ குடித்து முடிக்கிற நேரம் கோபமாக இருந்தான். அதற்கப்புறம் கோபத்தை வைத்துக்கொள்ள அங்கே இடம் போதவில்லை. அவ்வளவு தண்ணீர், அவ்வளவு காற்று. இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஏரி. கிளம்பும்போது அவனே கேட்டான், "இந்தக் கஸ்டமருக்கு அடுத்த புதனும் விசிட் உண்டா?" என்று.

உண்டு என்றாள். நாலு புதன்கிழமை ஓடிவிட்டது. பத்தரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அவன் போன் வண்டியில் கிடக்கும். அவள் போன்கள் வீட்டில், மாமனார் கையில்.

அந்த மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலேயே பெரிய துணிக்கடையில் காலமெல்லாம் மானேஜராக இருந்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பேர் ஓய்வு பெறவில்லை. வீட்டிலும் தெருவிலும் அவர் மானேஜர்தான். கடையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நாம உக்காந்தா கஸ்டமர் எழுந்து போயிடுவான்" என்பது அவர் சித்தாந்தம். வீட்டில் பேப்பர் படிப்பதுகூட ஜன்னலோரம் நின்றபடிதான். சீசன் நேரத்தில் மகனும் மருமகளும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலியே வந்துவிடும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அதனால் மூணாவது கம்பத்துக் கஸ்டமரை அவர் நிஜமென்றே நம்பும்படி விட்டு, கூடவே ஒரு தனிப் பொய்: புதன்கிழமை மருமகள் மார்க்கெட்டுக்குப் போகிறாள்.

இந்தப் புதன்கிழமை காலை, வண்டி மேல் ஏணியைக் கட்டிக்கொண்டே அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னிக்கு ரொம்ப டைட்டு. முடிஞ்சா வர்றேன். இல்லன்னா சீசன் முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

'சீசன் முடிஞ்சதும்' என்கிற மாதம் எந்தக் காலண்டரிலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நடை அப்படித்தான் போனது. மாடியில் வைத்த தொட்டிச் செடிகளும் அப்படித்தான் போயின. எல்லாம் ஒரே ஒரு வாரம்தான் தவறின. அதோடு சரி.

அதுவும் இந்த வாரம் பார்த்தா தவற வேண்டும். ஏரியில் கோரைப்புல் ஓரமாக ஒரு பறவை மிதக்கிற கூடு கட்டியிருந்தது. வாத்தில் பாதி இருக்கும், உருண்டை உடம்பு, மண்ணிறம். பெயர் முக்குளிப்பான் என்று கரையில் நடக்க வரும் ஒருவர் சொன்னார். அது முங்கி முங்கி எழுவதைப் பார்த்து அவன் வைத்த பெயர் கம்ப்ரசர். "பாரேன், கொஞ்ச நேரம் ஓடுது, டப்புனு ஆஃப் ஆகுது, அப்புறம் தானா ஆன் ஆகுது." சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று. போன வாரம் கிளம்பும்போது கூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவை குஞ்சு வந்துடும்" என்றான். அப்படிச் சொன்னவன்தான் இன்றைக்கு 'முடிஞ்சா' என்கிறான்.

"கஸ்டமர் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள் அவள், உள்ளே மானேஜர் நிற்பதால்.

அவன் வண்டியைக் கிளப்பினான்.

பத்து மணிக்குப் போன்களை மானேஜரிடம் ஒப்படைத்தாள். அவர் சட்டையை உள்ளே விட்டு, தலை வாரி, கடை திறக்கப் போகிறவர் மாதிரி மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். புதன்கிழமை ஒரு மணி நேரம்தான் அவருக்கு வாரத்தில் விடிகிற நேரம். நிதானமாப் போயிட்டு வா, கடையை நான் பாத்துக்கறேன் என்று அவளை அனுப்பி வைத்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். கூடைக்குள் ஃப்ளாஸ்க் இருந்தது.

ஏரிக்கரையில் வெயில் இன்னும் சூடேறவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்து மரம் நிழலைப் பாதிக்குத்தான் போட்டிருந்தது. அவள் நிழல் பாதியை அவனுக்கு விட்டுவிட்டு வெயில் பாதியில் உட்கார்ந்தாள். தும்பிகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தன.

கூடு காலியாக இருந்தது.

காக்கா கொண்டுபோயிருக்குமோ, தண்ணீர் ஏறி அடித்துப் போயிருக்குமோ என்று எழுந்து கரையோரம் இறங்கிப் பார்த்தாள். அப்போது கோரைக்குப் பின்னாலிருந்து தாய்ப்பறவை நீந்தி வந்தது. அதன் முதுகு கொஞ்சம் அதிகமாக உப்பியிருந்தது. உற்றுப் பார்த்தால் முதுகு இறகுக்குள்ளிருந்து ஒரு தலை. பட்டாணி அளவு தலை, அதில் வரிவரியாகக் கோடு. அம்மா முதுகில் சவாரி.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது. விளக்குக் கம்பத்திடமா. ரோட்டைப் பார்த்தாள். வண்டியைக் காணோம். குஞ்சைப் பார்த்தாள். மறுபடி ரோடு. பத்தரை தாண்டிவிட்டது என்று வெயிலே சொன்னது. நல்லதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது, பந்தி முழுக்க இலை போட்டு ஒருத்தி மட்டும் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வந்துவிட்டான் என்று சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

மானேஜர் நின்றுகொண்டிருந்தார்.

சட்டைப் பைகள் இரண்டிலும் பைக்கு ஒரு போன். கனத்தில் சட்டையே முன்னால் தொங்கியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, கம்பத்தைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீ மார்க்கெட் போறேன்னியே."

நீங்க எங்க மாமா இங்க என்று எப்படியோ கேட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் துணிக்கடை முதலாளியே போன் செய்திருக்கிறார். மானேஜரின் அதே பழைய கடை, அதே பழைய முதலாளி. கீழ்த்தளம் முழுக்க ஏ.சி. நின்றுவிட்டது, ஜனம் வெந்துகொண்டிருக்கிறது, உன் பையனை உடனே அனுப்பு என்று. முதலாளி குரலைக் கேட்டதும் மானேஜர் அங்கேயே விறைப்பாக நின்றிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். மகனைக் கூப்பிட்டு, ஏரிக்கரையை விடு, கடைக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். அவன் ஏதோ இழுத்திருக்கிறான். வாரா வாரம் சத்தம் போடற யூனிட்டு இன்னொரு நாள் போட்டா ஒண்ணும் குறைஞ்சுடாது என்று இவர் வாயை அடைத்திருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் அவர் மானேஜர் இல்லையே.

"வர்றேன்னு சொல்லிட்டு வரலைன்னா, ஆள் நேர்ல போய்ச் சொல்லணும்மா. போன்ல சொல்றது மரியாதை இல்ல. முதலாளி எங்களுக்குப் பழக்கினது அது. அதான் கஸ்டமர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு." சுற்றிலும் பார்த்தார். "மூணாவது கம்பம் இதானே? வீடு எங்க?"

இதற்கு மேல் இந்தப் பொய்யை எழுப்பி உட்கார வைக்க அவளிடம் தெம்பில்லை. வீடு இல்ல மாமா என்றாள். கஸ்டமரும் இல்ல. நாங்கதான்.

மானேஜர் கைக்குட்டையை நாலாக மடித்தார். தண்ணீரில் ஏதோ துள்ளியது. பிறகு, கவுண்டரில் புகார் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"என்ன கம்ப்ளைண்ட்?"

அவள் கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "ஒரு வீட்டுல இருக்கோம், பேசறதே இல்ல மாமா. பேசினா கேஸு, அட்ரஸு. இங்க வந்தா அவரு பேசறாரு. அதோ அந்தப் பறவையைப் பத்தி, மேகத்தைப் பத்தி, சின்ன வயசுல நீச்சல் கத்துக்கிட்டதைப் பத்தி. எனக்குத் தெரியவே தெரியாது, அவருக்கு நீச்சல் தெரியும்னு."

"எனக்கும் தெரியாது" என்றார் மானேஜர்.

போன் அடித்தது. அவர் நின்றபடியே எடுத்தார். சார் ஒரு முக்கியமான சர்வீஸ்ல இருக்கார், சாயங்காலம் வந்துடுவார் என்று சொல்லி வைத்தார். வைத்துவிட்டுத் தான் சொன்னதைத் தானே யோசிப்பவர் போல முகத்தைச் சுருக்கினார். அந்தச் சார் இப்போது துணிக்கடைக்குப் போகிற வழியில் அல்லவா இருக்கிறார்.

அப்போதுதான் முக்குளிப்பான் முங்கியது.

"என்னம்மா இது, இப்ப இங்கதானே இருந்தது? முழுகிடுச்சே."

வரும் மாமா, வேற இடத்துல வரும் என்றாள். அவர் நம்பாமல் தண்ணீரைத் துழாவினார். நாலு முழம் தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் அது டப்பென்று தலையைத் தூக்கியது.

மானேஜர் சிரித்துவிட்டார். "கடையில ஒருத்தன் வருவான். ஜவுளித் திருடன். இந்த ரேக்குல குனிவான், அந்த ரேக்குல எழுந்திரிப்பான். இதே முழிதான்."

அடுத்த தடவை முங்கியதும், கம்பத்துக்கு நேரே வரும் பார் என்று கை நீட்டினார். வரவில்லை. அதற்கடுத்தது கோரை ஓரம் என்றார். அதுவும் இல்லை. அடுத்ததற்குப் பார்வையைத் தாழ்த்தினால் தெரியும் என்று லேசாகக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே பெஞ்சின் ஓரத்தில், அவனுக்காக விட்டிருந்த நிழலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை. அவள் மூச்சுக்கூட விடாமல் வேறு பக்கம் பார்த்தாள். வண்ணத்துப்பூச்சி தோளில் உட்கார்ந்தால் மனுஷர் அசைவார்களா.

"முதுகைப் பாருங்க மாமா."

குஞ்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அவன் பாத்துட்டானா இதை?"

"இல்ல. இன்னிக்குத்தான் வந்திருக்கு. இன்னிக்குப் பாக்கணும்னுதான் இருந்தாரு." கொஞ்சம் நிறுத்தி, சொல்லலாமா என்று யோசித்து, சொல்லியேவிட்டாள். "இன்னிக்கு வரலைன்னா இனிமே வரவே மாட்டாரு மாமா. உங்க பிள்ளையை உங்களுக்குத் தெரியாதா. ஒரு தடவை விட்டா விட்டதுதான்."

மானேஜர் இரண்டு போன்களையும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துணிக்கடைக்கு முடியாது என்று அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. கல்யாணத்தன்றுகூடச் சாயங்காலம் கடைக்குப் போய் வந்தவர் என்று மாமியார் இருந்த காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முதலில் மகனைக் கூப்பிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"எங்க இருக்க? ... கடைக்கு இன்னும் போகலைல்ல? வண்டியைத் திருப்பு. ஏரிக்கரை கஸ்டமருக்குக் கம்ப்ளைண்ட் ஜாஸ்தி ஆயிடுச்சு. சீக்கிரம் போ."

மறுமுனையில் அவன் என்ன சொன்னானோ, இவர் "நான் கண்ணால பாத்துட்டுத்தான்டா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த போன் முதலாளிக்கு. அதற்கு மட்டும் எழுந்து நின்றுகொண்டார். பையன் ஒரு மணி நேரம் கழிச்சு வருவான் ஐயா என்றார். அந்தப் பக்கம் இடி இடித்தது அவளுக்கே கேட்டது. மானேஜர் இடி ஓயும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் பின்கதவைத் திறந்து வைங்க ஐயா. அங்க மரம் இருக்கு, நல்ல காத்து வரும். கதவுக்கு முன்னாடி ஒரு பீரோ நிக்கும், நகர்த்தணும். நான்தான் வெச்சேன், வேலை செய்யற பொண்ணுங்க அந்தப் பக்கம் போய் நின்னுடறாங்கன்னு." பிறகு முதலாளி எதையோ கேட்க, "ஏரிக்கரைங்க. மூணாவது கம்பம்" என்று பதில் சொல்லிவிட்டு வைத்தார்.

வைத்ததும் பெஞ்சின் ஓரத்தில் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை தெரிந்தே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. அவன் இறங்கி இரண்டு எட்டு வைத்தவன், பெஞ்சில் அப்பாவின் முதுகைப் பார்த்தான். அப்பாவின் முதுகு ஒரு பெஞ்சில் சாய்ந்திருப்பதை அவன் பார்ப்பது இதுவே முதல் தடவை. சட்டென்று திரும்பிப் போய் ஏணியை அவிழ்த்துத் தோளில் போட்டு, பையைக் கையில் தூக்கி, அசல் மெக்கானிக்காக வந்து நின்றான். எதிரே ஏரி. ஏணி சாத்த ஒரு சுவர் கிடையாது.

"கஸ்டமர் வீடு எங்கப்பா?" என்றான், வேர்த்துக்கொண்டே.

"ஏணியைக் கீழ வைடா. உக்காரு. கஸ்டமர் உனக்காகத்தான் வெயிட்டிங்."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கோரைப்பக்கம் கை காட்டினாள். தாய்ப்பறவை திரும்பி முதுகைக் காட்டிற்று. இப்போது இரண்டு தலைகள்.

அவன் ஏணியைத் தோளிலிருந்து இறக்க மறந்து அப்படியே நின்றான். "ஏய், கண்ட்ரோல் ரூம்" என்றான் மெதுவாக. "ரெண்டு இருக்கு."

"காலையிலேர்ந்து ஒண்ணுதான் இருந்தது. நீங்க வர்றதுக்குத்தான் இன்னொண்ணு காத்திருந்தது" என்றாள் அவள். வெயில் பாதி, நிழல் பாதி எல்லாம் கலைந்து மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏணி கரையில் படுத்துக்கொண்டது. நீச்சல் எப்படா கத்துக்கிட்ட என்று மானேஜர் கேட்டார். நீங்க கடையில இருந்தப்ப என்றான் அவன். அதில் குத்தல் இல்லை, நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். மானேஜரும் அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த ஏரியிலயா என்று அடுத்ததைக் கேட்டார்.

டீ ஊற்றினாள். ஃப்ளாஸ்க் மூடியில் ஒன்று, கப்பில் ஒன்று. தனக்கு அப்புறம் என்று வைத்துக்கொண்டாள். அடுத்த புதன்கிழமையும் வருவதாக மானேஜர் அறிவித்தார். அப்படியானால் போனை யார் எடுப்பது என்று மகன் கேட்டான். மூன்று பேரும் மானேஜர் மடியில் கிடந்த இரண்டு போன்களையும் பார்த்தார்கள்.

விடை சொல்கிற மாதிரி ஒரு போன் அடித்தது. முதலாளி. மானேஜர் காதில் வைத்தார். "ஐயா... இல்லைங்கய்யா... அப்படி எல்லாம் பெரிய இடம் இல்லைங்க..." அதற்குள் கட்டாகிவிட்டது.

"என்னவாம்பா?"

"பீரோவை நகர்த்திக் கதவைத் திறந்தாங்களாம். காத்து நல்லா வருதாம். ஆனா கடைப் பொண்ணுங்க அத்தனையும் மரத்தடியில போய் நிக்குதாம், உள்ள வர மாட்டேங்குதாம்." போனை மடியில் வைத்தார். "நம்ம கடையை விட உனக்கு அந்த ஏரிக்கரை கஸ்டமர் பெரிசாயிட்டானா, யாரு அவன், நேர்லயே வந்து பாக்கறேன்னு கிளம்பிட்டாரு. கம்பம் தெரியுதுன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ரோட்டில் கார் வந்து நின்றது. கதவு திறந்து சாத்துகிற சத்தம். மகன் துள்ளி எழுந்து ஏணியைத் தேடினான். அவள் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கை அவசரமாக மூடப் போனாள்.

மானேஜர் கப்பைக் கீழே வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழப்போனார். முதலாளி வரும்போது அவர் எழாமல் இருந்த நாளே கிடையாது.

அதே நேரத்தில் முக்குளிப்பான் குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு முங்கியது.

ஊன்றிய கை அப்படியே நின்றது. அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

"கோரை ஓரம்" என்று முணுமுணுத்தார். "இந்தத் தடவை கோரை ஓரம்தான் வரும்." எழவில்லை. சத்தம் வருகிற பக்கமாகப் பெஞ்சில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

மருமகள் ஃப்ளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தாள். இன்னும் ஒரு கப் இருந்தது.